பாரிஸிலிருந்து ஒரே நாளில் ஒரு துறைமுக நகரம்: ஒன்ஃப்ளேரா, சேன் மாலோவா, லா ரொஷேலா, தியெப்பா?

பாரிஸில் ஒரு நாள் மிச்சமிருக்கிறது. கடலோரமாக ஒரு பழைய துறைமுக ஊரைப் பார்த்துவிட்டு இரவுக்குள் திரும்ப வேண்டும். எங்கே போகலாம்? ஊரிலிருந்து அப்பா அம்மாவை வரவழைத்திருப்பவர்களும் கேட்கிறார்கள், சுற்றுலாவுக்கு வந்து ஈஃபிள் கோபுரத்தை முடித்துவிட்டவர்களும் கேட்கிறார்கள். தேடினால் நான்கு பெயர்கள் திரும்பத் திரும்ப வரும்: நோர்மண்டியில் ஒன்ஃப்ளேர், தியெப், பிரிட்டனியில் சேன் மாலோ, அட்லாண்டிக் கரையில் லா ரொஷேல். நான்குமே நல்ல ஊர்கள்தான். ஆனால் படங்களை வைத்து முடிவெடுப்பவர்கள் பெரும்பாலும் தங்கள் நாளுக்குப் பொருந்தாத ஊரில் போய் இறங்குகிறார்கள்.

## எதை வைத்து முடிவெடுப்பது

முதல் கணக்கு, ஊருக்குள் நடக்கக் கிடைக்கும் நேரம். ரயில் அட்டவணை 2 மணி 20 நிமிடம் என்று காட்டும். வீட்டிலிருந்து நிலையத்துக்கு முக்கால் மணி, நடைமேடையில் கால் மணி, அங்கே இறங்கி ஊருக்குள் போக இன்னொரு கால் மணி, எல்லாவற்றையும் கூட்டுங்கள். காலை 7 மணிக்குக் கதவைப் பூட்டி இரவு 10 மணிக்குத் திறப்பதாக வைத்துக்கொண்டால் கையில் 15 மணி நேரம். அதில் பயணம் போக மிஞ்சுவது எவ்வளவு என்பதுதான் கேள்வி. 6 மணி நேரத்துக்குக் குறைந்தால் அந்த ஊரை விட்டுவிடலாம்.

இரண்டாவது, திரும்பும் வழி. நேரடி ரயில் தவறினால் அடுத்தது உண்டா, நடுவில் பேருந்து இருக்கிறதா, ஞாயிற்றுக்கிழமை அந்தப் பேருந்து எத்தனை முறை ஓடுகிறது என்று பார்க்க வேண்டும்.

மூன்றாவது, டிக்கெட்டில் தெரியாத செலவு: சுங்கம், வண்டி நிறுத்தம், தாமதமாகப் பதிவு செய்ததால் ஏறிய கட்டணம். பாரிஸ் வாசிகள் ஒன்றை நினைவில் வைக்கவும்: பாரிஸ் பொதுப் போக்குவரத்துக்கான நவிகோ அட்டை, பாரிஸைச் சூழ்ந்த இல்-து-பிரான்ஸ் வட்டார எல்லையோடு நின்றுவிடும். இந்த நான்கு ஊர்களுக்கும் அது செல்லாது.

நான்காவது, கால். முட்டிவலி உள்ள பெரியவர்களும் தள்ளுவண்டிக் குழந்தையும் உடன் இருந்தால் கல் பாவிய தெருவும் சுழல் படிக்கட்டும் நாளையே மாற்றிவிடும். இதோடு மழையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நோர்மண்டி, பிரிட்டனிக் கரைகளில் ஜூலையிலும் மழை வரும்.

| | ஒன்ஃப்ளேர் | சேன் மாலோ | லா ரொஷேல் | தியெப் |
|---|---|---|---|---|
| பாரிஸில் ஏறும் நிலையம் | சேன் லசார் | மோன்பர்னாஸ் | மோன்பர்னாஸ் | சேன் லசார் |
| ரயில் நேரம் | லெ ஆவ்ர் வரை 2¼ மணி அளவில், பின் பேருந்து ½ மணி | நேரடி ரயிலில் 2½ மணிக்குள். ரென்னில் மாறினால் 3 மணி | 2½ முதல் 3 மணி | ரூவானில் மாறி 2¼ மணி அளவில் |
| நிலையம் முதல் பழைய ஊர் | ஊரில் பயணிகள் ரயிலே இல்லை | நடந்து 20 நிமிடம் | நடந்து 10–15 நிமிடம் | நடந்து 10 நிமிடம் |
| ஊரில் கிடைக்கும் நேரம் | ரயில்–பேருந்தில் 7 மணி, காரில் 10 மணி | 7½ மணி | 7 மணி | 8 மணி |
| நடை | கல் தெரு, ஏற்றம் | மதில் ஏறப் படிகள், மேலே சமம் | சமதளம். கோபுரங்களில் சுழல் படி | சமதளம். கோட்டைக்கு மட்டும் ஏற்றம் |
| மழை நாளில் | சுமார் | கடினம் | மிக நன்று | சுமார் |
| திடீர்ப் பயணத்துக்கு | காரில் சரி | கட்டணம் ஏறும் | கட்டணம் ஏறும் | ஏற்றது |

## ஒன்ஃப்ளேர்

சேன் நதி கடலில் கலக்கும் இடத்தின் தென்கரையில் இருக்கிறது. 17ஆம் நூற்றாண்டில் மன்னர் 14ஆம் லூயியின் அமைச்சர் கோல்பேரின் ஆணைப்படி வெட்டிய பழைய படகுத்துறைதான் எல்லாப் படங்களிலும் வருவது. அதன் மேற்குக் கரையில் ஒட்டி நிற்கும் குறுகலான, உயரமான வீடுகளைக் கவனித்துப் பாருங்கள். முகப்பில் கருங்கற்பலகை ஓடுகள், ஒரு வீட்டுக்கு ஒன்றிரண்டு சன்னல் அகலம்தான். சரிவில் கட்டியதால் பல வீடுகளுக்கு இரண்டு தரைத்தளம் உண்டு: கீழ்த்தளம் துறையைப் பார்த்துத் திறக்கும், மேலே உள்ளது பின்தெருவைப் பார்த்துத் திறக்கும். காலை வெயில் இந்த முகப்புகளில் நேராக விழும். படம் எடுப்பதற்காகவே போகிறவர்கள் 11 மணிக்கு முன் அங்கே நிற்க வேண்டும். அதற்குக் கார்தான் வழி.

துறையிலிருந்து இரண்டு நிமிட நடையில் சேன்த் கத்ரீன் தேவாலயம். இங்கிலாந்தோடு நடந்த நூறாண்டுப் போர் முடிந்த பின் கப்பல் தச்சர்கள் மரத்தில் கட்டியது. உள்ளே போய் அண்ணாந்து பாருங்கள்: இரண்டு கப்பல்களைக் கவிழ்த்து வைத்த வடிவில் கூரை. மணிக்கூண்டு தேவாலயத்தோடு ஒட்டாமல் சதுக்கத்தின் எதிர்ப்பக்கம் தனியாக நிற்கும். காட் மீன் பிடிக்கப் போன கப்பல்களுக்காக உப்பைக் குவித்து வைத்த 17ஆம் நூற்றாண்டுக் கிடங்குகளும் அருகில்தான். 1608இல் பிரெஞ்சுக் கடலோடி ஷாம்ப்ளேன் கனடாவில் கெபெக் நகரை நிறுவப் புறப்பட்டது இந்தத் துறையிலிருந்து. ஓவியர் புதேனின் பெயரிலுள்ள அருங்காட்சியகம் செவ்வாய்க்கிழமை மூடியிருக்கும்.

இங்கே நாள் கெடுவது பெரும்பாலும் பேருந்தில். நதியின் அக்கரையிலுள்ள லெ ஆவ்ர் ரயில் நிலையத்துக்குப் பக்கத்திலேயே பேருந்து நிலையம் இருக்கிறது, குழப்பமில்லை. ஆனால் ரயிலும் பேருந்தும் ஒன்றுக்கொன்று காத்திருப்பதில்லை. ரயில் 10 நிமிடம் தாமதித்து, பேருந்து போய்விட்டால் ஞாயிறன்று ஒரு மணிக்கு மேல் நிற்க நேரலாம். ஆகவே முதலில் ஒன்ஃப்ளேரிலிருந்து திரும்பும் கடைசிப் பேருந்துக்கு முந்தைய பேருந்தைக் குறித்துக்கொண்டு, அங்கிருந்து பின்னோக்கி நாளைத் திட்டமிடுங்கள். ஒன்று ஆறுதல்: பேருந்து நோர்மண்டிப் பாலத்தின் மேல் போகும். 1995இல் திறந்த கம்பிவடப் பாலம், நடுத் தாங்கல் மட்டும் 856 மீட்டர்.

காரில் போனால் ஏ13 நெடுஞ்சாலை, பிறகு ஏ29. ஏறத்தாழ 200 கிலோமீட்டர். பாரிஸிலிருந்து நேராக வந்தால் அந்தப் பாலத்தைக் கடக்கத் தேவையில்லை, அதன் சுங்கமும் இல்லை. ஏ13இல்தான் கவனம் வேண்டும். அங்கே இப்போது சுங்கச்சாவடித் தடுப்பே கிடையாது; மேலே உள்ள கேமரா வண்டி எண்ணைப் படித்துக்கொள்ளும். கடந்துபோன 72 மணி நேரத்துக்குள் நீங்களாகவே இணையத்தில் போய்ச் செலுத்த வேண்டும். நிறுத்திக் கேட்க ஆளில்லாததால் இலவசம் என்று நினைத்து விட்டுவிடுபவர்களுக்கு அபராதம் வீடு தேடி வரும். வாடகைக் கார் என்றால் அபராதத்தோடு வாடகை நிறுவனத்தின் கையாளும் கட்டணமும் சேரும். போக, வர இரண்டு முறையும் செலுத்த வேண்டும், அதையும் மறக்காதீர்கள்.

இதுவே சரி: கார் இருக்கிறது, நான்கைந்து பேர், ஊர் சின்னதாக இருந்தால் போதும். வார நாள் அல்லது பருவம் தப்பிய மாதம். ஆகஸ்ட் ஞாயிறு மதியம் துறையைச் சுற்றி நடக்கவே இடமிருக்காது. கார் இல்லாதவர்களுக்கு இதை முதல் தேர்வாகச் சொல்ல மாட்டோம்.

## சேன் மாலோ

நான்கிலும் கடலை முழுதாக உணர்த்தும் ஊர் இது. தமிழர்களுக்கு இன்னொரு காரணமும் உண்டு. 1746 செப்டம்பரில் சென்னைக் கோட்டையை ஆங்கிலேயரிடமிருந்து பிடித்த பிரெஞ்சுத் தளபதி மாஹே த லா பூர்தொனே இந்த ஊரில் 1699இல் பிறந்தவர். பிடித்த கோட்டையைப் பணம் வாங்கிக்கொண்டு திருப்பித் தருவதா கூடாதா என்று பாண்டிச்சேரியில் ஆளுநராக இருந்த துய்ப்ளேயோடு அவருக்கு மூண்ட சண்டை, கடைசியில் அவரைப் பாரிஸின் பஸ்தில் சிறை வரை கொண்டுபோய்விட்டது. இந்திய வணிகத்தில் பணம் பார்த்த கப்பல் முதலாளிகளின் ஊர் இது. மதிலுக்குள் தப்பிப் பிழைத்த அஸ்ஃபெல்த் மாளிகை, 1725இல் பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் இயக்குநர் ஒருவர் கட்டியது. வழிகாட்டியோடுதான் உள்ளே போக முடியும், நேரத்தை முன்பே பார்த்துவிடுங்கள்.

ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். மதில்கள் பழையவை, உள்ளே இருக்கும் வீடுகளில் பெரும்பாலானவை அப்படியல்ல. 1944 ஆகஸ்டில் மதிலுக்குள் இருந்த ஊரில் ஏறத்தாழ 80 விழுக்காடு அழிந்தது. போருக்குப் பின் அதே கருங்கல்லில், பழைய சாயல் கெடாமல் கட்டி எழுப்பினார்கள். இடைக்காலத் தெருக்களை அப்படியே பார்க்க விரும்புபவர்களுக்கு இது ஏமாற்றமாகலாம். மற்றவர்களுக்கு, அந்த மீட்டெடுப்பே பார்க்கத் தகுந்தது.

மதில் மேல் முழுச் சுற்று 2 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு, கட்டணம் இல்லை. நின்று நின்று பார்த்தால் ஒன்றரை மணி நேரம் ஆகும். ஆனால் இந்த ஊரில் நாளை ஆள்வது கடல் ஏற்றமும் வற்றமும்தான். இரண்டுக்கும் இடையே நீர்மட்டம் 12 மீட்டருக்கு மேல்கூட மாறும். ஐரோப்பாவிலேயே மிகப் பெரிய ஏற்ற இறக்கங்களில் ஒன்று. வற்றத்தில் போன்-செக்கூர் கடற்கரையிலிருந்து கிராண் பே தீவுக்கு நடந்தே போகலாம். அங்கே எழுத்தாளர் ஷதோப்ரியானின் கல்லறை கடலைப் பார்த்து இருக்கிறது: ஒரு கற்சிலுவை, பெயர் பொறிக்காத கற்பலகை, அவ்வளவுதான். நீர் ஏறிவிட்டால் பாதை மூழ்கும். திரும்ப முடியாமல் மாட்டிக்கொண்டால் அடுத்த வற்றம் நெருங்கும் வரை, பல மணி நேரம், தீவிலேயே இருக்க வேண்டியதுதான். முட்டளவுத் தண்ணீர்தானே என்று இறங்கக் கூடாது. பாதைக் கற்களில் பாசி வழுக்கும், நீரோட்டம் பக்கவாட்டில் இழுக்கும்.

நாள் குறிக்க நம் தினசரி காலண்டரே உதவும். அமாவாசை, பௌர்ணமி கழிந்த ஓரிரு நாளில் ஏற்ற இறக்கம் உச்சத்தில் இருக்கும். சேன் மாலோவில் அந்த நாட்களில் ஏற்றம் காலையிலும் மாலையிலும் வரும், வற்றம் பிற்பகலில் விழும். ஒரு நாள் பயணிக்கு இதைவிட நல்ல அமைப்பு இல்லை: மதியச் சாப்பாட்டுக்குப் பின் தீவுக்கு நடை, ரயில் ஏறுமுன் மதிலை மோதும் அலை. அஷ்டமியை ஒட்டிய நாட்களில் தலைகீழ்: நடுப்பகலில் ஏற்றம், வற்றமோ அதிகாலையிலும் இரவிலும். அன்று போனால் தீவைத் தூரத்திலிருந்து பார்த்துத் திரும்ப வேண்டியிருக்கும். சரியான மணி நிமிடத்துக்கு அந்த நாளின் ஓத (கடல் ஏற்ற வற்ற) அட்டவணையைப் பாருங்கள். அதில் 20இலிருந்து 120 வரை ஓர் எண் இருக்கும். 90க்கு மேல் என்றால் பெரிய ஏற்ற இறக்கம். கோடைக்கால நேரத்தில் ஒரு மணி கூட்டிப் படிக்க வேண்டிய அட்டவணைகளும் உண்டு, அதைச் சரிபார்க்கவும்.

குழந்தைகளுக்குப் போன்-செக்கூரில் கடல்நீர்க் குளம் இருக்கிறது. ஏற்றத்தில் நிரம்பி வற்றத்தில் நீரைத் தேக்கி வைக்கும். மதிலுக்கு வெளியே சியோன் கடற்கரையில் அலையை உடைக்க நட்ட ஏறத்தாழ 3,000 ஓக் மரத் தண்டுகள் வரிசையாக நிற்கும்.

செலவு ரயிலில்தான். தேஜேவே அதிவேக ரயிலின் கட்டணம் விமானம் மாதிரி ஏறும். ஒரு மாதம் முன்பு பார்த்த விலை, முந்தைய நாள் இரண்டு மூன்று மடங்காகலாம். நேரடி ரயில்கள் நாளுக்குச் சிலவே. திரும்பும் நேரடி ரயிலை முதலில் பதிவு செய்து, பிறகு போகும் ரயிலைத் தேர்ந்தெடுங்கள்.

இதுவே சரி: கார் இல்லை, மூன்று வாரமாவது முன்பே திட்டமிட முடியும், காற்று அடித்தாலும் பரவாயில்லை. பலத்த மழை நாளில் ஒதுங்க இடம் குறைவு.

## லா ரொஷேல்

பெரியவர்களோடு போக நான்கில் இதுவே சிறந்தது. ஊர் முழுக்கச் சமதளம். பழைய தெருக்களில் கடைகளுக்கு முன்னால் கல் வளைவுகளோடு கூடிய நடைபாதைகள் நீள்கின்றன. மழை கொட்டினாலும் நனையாமல் பாதி ஊரைச் சுற்றலாம், வெயிலிலும் நிழல்.

துறைமுக வாயிலில் இரண்டு கோபுரங்கள் எதிரெதிரே நிற்கின்றன: சேன் நிக்கொலா, ஷேன். இரவில் இரண்டுக்கும் நடுவே சங்கிலியை இழுத்துத் துறையை அடைத்தார்கள். மூன்றாவதான லாந்தேர்ன் கோபுரம் சிறையாகவும் இருந்தது. அதன் சுவர்களில் கைதிகள் கீறிய கப்பல்களும் பெயர்களும் நூற்றுக்கணக்கில் உள்ளன. அவசரமில்லாமல் பார்க்க வேண்டிய இடம். மூன்றுக்கும் ஒரே டிக்கெட்தான், ஆனால் மூன்றிலும் குறுகலான சுழல் படிகள். முட்டிவலிக்காரர்கள் துறையோரம் அமர்ந்து பார்ப்பதே போதும்.

1627–28இல் மன்னரின் முதலமைச்சர் கார்தினால் ரிஷல்யே இந்தப் புராட்டஸ்டண்ட் நகரைக் கடல்பக்கம் ஒன்றரை கிலோமீட்டர் அணை கட்டி அடைத்துப் பட்டினி போட்டார். ஏறத்தாழ 28,000 மக்களில் 5,000 பேர் அளவில்தான் மிஞ்சினர். ஊரின் செல்வத்துக்குப் பின்னால் அடிமை வணிகமும் இருக்கிறது. புதிய உலக அருங்காட்சியகம் அதை மறைக்காமல் காட்டுகிறது. குழந்தைகளுக்கு நிலையத்துக்கும் துறைக்கும் நடுவே பெரிய மீன்காட்சியகம் உண்டு, ஆனால் அதற்கே இரண்டு மணி நேரத்துக்கு மேல் போய்விடும்.

இங்கே எல்லோரும் செய்யும் பிழை, அதே நாளில் ரே தீவையும் சேர்ப்பது. கிட்டத்தட்ட 3 கிலோமீட்டர் பாலம் தாண்டிப் போய்வரவே நேரம் சரியாகிவிடும், இரண்டும் அரைகுறையாகும். தீவும் வேண்டுமென்றால் ஓர் இரவு தங்குங்கள். உண்மையில் இந்த ஊருக்கு இரண்டு நாள் தகும்.

இதுவே சரி: வயதானவர்கள், மழை முன்னறிவிப்பு, முன்பதிவில் மலிவாகக் கிடைத்த டிக்கெட். கடைசி நேரத்தில் போக இது வேண்டாம். நான்கில் தூரம் அதிகம்.

## தியெப்

படங்களில் குறைவாக வரும் ஊர், அதனாலேயே விலையும் கூட்டமும் குறைவு. பாரிஸுக்கு மிக அருகிலுள்ள கடற்கரைகளில் ஒன்று. இது இன்னும் உழைக்கும் துறைமுகம்: மீன்பிடிப் படகுகள் வந்து நிற்கும், இங்கிலாந்தின் நியூஹேவனுக்குக் கப்பல் போகும். அக்டோபர் முதல் மே நடுப்பகுதி வரை ஸ்காலப் சிப்பிப் பருவம். படகிலிருந்து இறக்கியதைத் துறையோரத்திலேயே விற்பார்கள். சனிக்கிழமைச் சந்தை பெரிய தெரு முழுக்கப் பரவியிருக்கும். ஆகவே சனிக்கிழமை காலையே போங்கள், 1 மணிக்குப் பின் கடைகளைக் கட்டத் தொடங்கிவிடுவார்கள்.

சேன் ழாக் தேவாலயத்தில் 16ஆம் நூற்றாண்டுச் சிற்பப் பட்டை ஒன்று இருக்கிறது. பிரேசில், ஆப்பிரிக்கா, இந்தியப் பெருங்கடல் மக்களைத் தியெப் மாலுமிகள் கண்டுவந்த விதத்தில் செதுக்கியது. கப்பல் முதலாளி ஜான் ஆங்கோவின் காலம் அது. அவர் அனுப்பிய பார்மாந்தியே சகோதரர்கள் 1529இல் சுமத்ரா வரை போய் அங்கேயே இறந்தார்கள். பட்டை உயரத்தில் இருக்கிறது, உள்ளே வெளிச்சமும் குறைவு. பகல் உச்சியில் போய்ப் பாருங்கள். கோட்டை அருங்காட்சியகத்தில் தந்தச் செதுக்கல்கள்.

கடற்கரை முழுக்கக் கூழாங்கல். 1942 ஆகஸ்ட் 19 அன்று இங்கே இறங்கிய நேசநாட்டுப் படையின் டாங்கிகள் பல இந்தக் கற்களில் சங்கிலிப் பட்டை சிக்கி நின்றன. அந்தத் தாக்குதலில் கனடா வீரர்கள் 900 பேருக்கு மேல் உயிரிழந்தனர். செருப்புப் போட்டு நடக்க முடியாது, ஷூ வேண்டும். குழந்தைகள் கல் பொறுக்கிப் பையில் போடுவார்கள், பிரான்ஸ் கடற்கரைகளில் அது தடை செய்யப்பட்டது. சுண்ணாம்புப் பாறைச் சுவரடியில் பாய் விரிக்கவும் கூடாது, எச்சரிக்கையில்லாமல் இடிந்து விழும்.

இதுவே சரி: முந்தைய இரவு முடிவெடுத்த பயணம், மாதக் கடைசி, மீன் வாங்கும் ஆசை. முதல்முறை பிரான்ஸ் வந்தவர்களுக்கு ஒரே ஒரு ஊர்தான் காட்ட முடியும் என்றால் இதைவிடச் சேன் மாலோ மேல்.

## லொரியானை ஏன் சேர்க்கவில்லை

பாண்டிச்சேரி வரலாற்றில் ஈடுபாடு உள்ளவர்கள் லொரியானைக் கேட்பார்கள். 1666இல் பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கம்பெனிக்காகவே உருவான துறைமுகம் அது. ஆனால் ஊர் 1943 குண்டுவீச்சில் சிதைந்துவிட்டது. பார்க்க வேண்டிய கம்பெனி அருங்காட்சியகம் எதிர்க்கரையில் போர்-லூயி கோட்டையில் இருக்கிறது. பாரிஸிலிருந்து 3 மணி நேர ரயில், பிறகு படகு. ஒரு நாளுக்குள் அடக்க வேண்டாம், இரவு தங்கும் திட்டத்தோடு கட்டாயம் போங்கள்.

## கிளம்புமுன்

பாரிஸில் தமிழர் கடைகள் நிறைந்த லா ஷப்பெல் பக்கம் தங்கியிருப்பவர்களுக்கு மெட்ரோ 4ஆம் தடம் கார் து நோர் நிலையத்திலிருந்து மோன்பர்னாஸுக்கு நேரே போகும். சேன் லசாருக்கு, அதை ஒட்டிய மஜெந்தா நிலையத்தில் ஆர்.இ.ஆர். புறநகர் ரயிலின் ஈ தடம், ஒரே நிறுத்தம். மோன்பர்னாஸில் சில ரயில்கள் வோஜிரார் பக்கத்து நடைமேடைகளிலிருந்து புறப்படும், முன்வாசலிலிருந்து அங்கே நடக்கவே 10 நிமிடம் வேண்டும். புறப்பட 2 நிமிடம் முன்பே கதவை மூடிவிடுவார்கள்.

வருடத்துக்கு 49 யூரோ ரயில் தள்ளுபடி அட்டை 30 விழுக்காடு குறைக்கும், உடன் வரும் குழந்தைகளுக்கு 60. 27 முதல் 59 வயது வரை உள்ளவர்களுக்கான அட்டையில் சனி, ஞாயிறு பயணமாக இருப்பது முக்கியம். குடும்பமாகத் தேஜேவேயில் ஒருமுறை போய்வந்தாலே பல நேரம் அட்டைப் பணம் திரும்பிவிடும்.

மதியச் சாப்பாடு 12 முதல் 2 மணிக்குள். அதற்குப் பின் பல உணவகங்களில் அடுப்பு அணைந்துவிடும், மறுபடி இரவு 7 மணிக்குத்தான். சைவர்களுக்கும் பன்றி உண்ணாதவர்களுக்கும் கலெத் கடைகள் நல்ல துணை: பக்வீட் மாவில் சுட்ட, முறுகல் தோசை போன்ற பண்டம். ஆனால் பட்டியலில் முதலில் இருக்கும் ‘கொம்ப்ளேத்’ வகையில் முட்டை, சீஸோடு ஹாமும் இருக்கும். ‘சான் ஜாம்போன்’ என்று சொல்லி வாங்குங்கள். சிப்பிக் கறியைப் பெரும்பாலும் வெள்ளை ஒயினில்தான் வேகவைப்பார்கள்.

வேலைநிறுத்த அறிவிப்பு இருந்தால், எந்த ரயில் ஓடும் என்பது முந்தைய நாள் மாலை 5 மணிக்கு உறுதியாகும். அதைப் பார்த்தபின் டிபன் கட்டுங்கள்.